தெரியாத மாதிரி கேட்பது

மேடம்,

இன்று காலை சட்டையைப் போட்டபோது பையில் ஏதோ குத்தியது. கையை விட்டு எடுத்தேன். ஒரு துணி கிளிப். சட்டையோடு துவைபட்டு, கொடியில் காய்ந்து, மடித்தும் வைக்கப்பட்டிருக்கிறது; இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. ஜன்னலோரம் கொண்டுபோய், முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தேன். மஞ்சள். உங்கள் டப்பாவில் இருந்ததுதான். மஞ்சள் கிளிப்பைச் சட்டையில் குத்திக்கொண்ட பிள்ளைக்கு, புரியாததைப் புரியவில்லை என்று சொல்வது வேலை. நம் பிள்ளைகள் அந்த வேலையைக் கூச்சமில்லாமல் செய்தார்கள். எனக்குத்தான் அது கடைசிவரை கைவரவில்லை.

மாலையில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். பழைய காலண்டர் தாள்களின் முதுகில், தடித்த மார்க்கர் பேனாவால், தாளுக்கு நாலைந்து வரி. எழுதியதைத் திருப்பிப் படிக்க என்னால் முடியாது. உங்களுக்குத் தெரியாமல் போன விஷயம் அதுதான். என் இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. நடக்கலாம், சைக்கிளைத் தள்ளலாம். எதிரே வருவது ஒரு ஆள் என்று தெரியும், யார் என்று தெரியாது. அச்செழுத்து சுத்தமாக இல்லை. உங்களோடு வேலை பார்த்த கடைசி இரண்டு வருஷமும் நான் ஒரு வரிகூடப் படிக்க முடியாத தமிழாசிரியனாக இருந்தேன், மேடம்.

சொல்லாமல் மறைத்ததோடு விட்டிருந்தாலாவது இவ்வளவு வெட்கம் இருக்காது.

நம் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்பு. பிரெஞ்சுக்காரன் கட்டிய அந்தப் பெரிய கூடத்தை யாரோ ஒரு புண்ணியவான் பலகை அடித்து இரண்டாகப் பிரித்து, வாய்க்கால் பக்கத்தை உங்களுக்கும் தெருப் பக்கத்தை எனக்கும் கொடுத்திருந்தார். உங்கள் பக்கம் பிரெஞ்சு, என் பக்கம் தமிழ். மணி அடித்ததும் உங்கள் பக்கத்தில் பெஞ்சுகளைத் திருப்பும் சத்தம் கேட்கும். முன் பெஞ்சு பின் பெஞ்சைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள, நாலு நாலு பேராகப் பிள்ளைகள் உட்கார்ந்துகொள்வார்கள். பிறகு ஒரே இரைச்சல். என் பக்கத்தில் ஒரே ஒரு குரல்தான் கேட்கும், அது என்னுடையது. செய்யுளானாலும் உரைநடையானாலும் நானே வாசிப்பேன், நானே அழுவேன், நானே சிரிப்பேன். பிள்ளைகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதைத்தான் நான் பாடம் நடத்துவது என்று நினைத்திருந்தேன்.

இரைச்சல் அதிகமானால் பலகையில் டஸ்டரால் தட்டுவேன். இன்டர்வலில் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து எல்லோர் எதிரிலும் கேட்பேன்.

"மேடம், இன்னிக்கு உங்க ரூம்ல வஞ்சிரம் கிலோ என்ன விலை?"

"உள்ள வாங்க ஐயா, பேரம் பேசிக்கலாம்" என்பீர்கள். உங்களுக்குக் கோபமே வராது. எனக்கு அதிலேயே கொஞ்சம் கோபம் வரும்.

ஒருநாள் டீ ஆறிக்கொண்டிருக்க, அந்தப் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து மேஜையில் கொட்டினீர்கள். துணி காயப்போடுகிற கிளிப்புகள், நாலு நிறத்தில். சிவப்பு குத்தியவர் வாய்விட்டு வாசிப்பார். மஞ்சள், புரியாததைக் கேட்பார். பச்சை, படித்ததைச் சொந்தப் பேச்சில் சொல்வார். நீலம், அடுத்து என்ன வரப்போகிறது என்று ஊகிப்பார். ஒரு பத்தி முடிந்ததும் கிளிப் கை மாறும். கடைசியில் டீச்சர் ஒவ்வொரு குழுவிடமும் போய், இதில் என்னதான் சொல்லியிருக்கிறது என்று கேட்பார். இவ்வளவுதான் என்றீர்கள். "முழுசா நாம படிச்சுக் காட்டிட்டா அவங்களுக்கு என்ன ஐயா வேலை இருக்கு?" என்று கேட்டீர்கள். துணி காயப்போடவாவது பயன்படும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

பிறகு எழுத்துகள் வளைய ஆரம்பித்தன. வரியின் நடுவில் ஒரு அழுக்குத் திட்டு உட்கார்ந்துகொண்டு, நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே கூடவே வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது, ஊசி போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மெடிக்கல் போர்டு என்பார்கள், ஆபீஸில் ஒரு மூலையில் நாற்காலி போடுவார்கள். அதைவிட, தமிழ் ஐயாவுக்குப் படிக்கக் கண் தெரியாதாம் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வதை நினைத்தாலே உடம்பு கூசியது. பரீட்சைத் தாளை வீட்டில் மனைவி படிக்க நான் மார்க் சொன்னேன். பாடமெல்லாம் பல வருஷமாக நடத்தி நடத்தி மனப்பாடம். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்பி, என் பாட்டுக்கு முழங்கிக்கொண்டிருந்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த வருஷம் பாடத்திட்டம் மாறிப் புதுப் புத்தகம் வந்தது. ஒரு பாடம்கூடப் பழையது இல்லை.

முதல் வாரம் முழுக்க அதையும் இதையும் பேசிச் சமாளித்தேன். இரண்டாவது வாரம் உங்கள் மேஜைக்கு வந்து நின்றேன். "மேடம், உங்க குழு வாசிப்பை எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்க" என்றேன். நீங்கள் எழுந்தே விட்டீர்கள். கிண்டல் என்று முதலில் நினைத்தீர்கள் போலிருக்கிறது. இல்லை என்று தெரிந்ததும், "மெர்சி ஐயா, மெர்சி" என்றீர்கள். நன்றி சொல்ல வேண்டியவன் நான். மறுநாளே பெரிய மார்க்கெட்டில் எனக்கென்று ஒரு புது டப்பா கிளிப் வாங்கி வந்தீர்கள். அது போதாது என்று உங்கள் டப்பாவிலிருந்தும் ஒரு கை அள்ளிப் போட்டீர்கள். பிரின்சிபாலிடம், லேபில், வாட்ச்மேனிடம்கூட, தமிழ் ஐயா மனசு மாறிட்டாங்க என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். அந்த சந்தோஷத்தைப் பார்த்தபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன்.

என் பக்கத்திலும் பெஞ்சுகள் திரும்பின. பிள்ளைகள் படித்தார்கள், நான் நடுவில் நின்று கேட்டேன். அதுவரைக்கும் எனக்குத் தெரியாத குரல்களெல்லாம் வந்தன. குருசுக்குப்பத்திலிருந்து வரும் ரேவதி என்ற பெண் என் வகுப்பில் அதற்கு முன் வாயைத் திறந்ததே இல்லை. அவளுக்கு அவ்வளவு கணீரென்ற குரல் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் நீங்கள் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து பார்த்தீர்கள். ஒரு ஊர்க் கிணற்றைப் பற்றிய கதை பாடம். குழு குழுவாகப் போய்க் கேட்டேன். ஒரு குழு கிணற்றில் தண்ணீர் இருந்தது என்றது. பக்கத்துக் குழு வற்றிப்போயிருந்தது என்றது. எனக்கு இரண்டில் எது என்று நிஜமாகவே தெரியவில்லை. முந்தின நாள் மனைவிக்கு உடம்பு முடியாமல் போனதால் வீட்டில் படித்துக் காட்ட ஆளில்லை.

"தண்ணி இருந்துச்சா, இல்லியா? யாராவது ஒருத்தர் ஒழுங்கா பாத்துச் சொல்லுங்களேன்!" என்று கத்தினேன். எரிச்சல்தான், வேறொன்றும் இல்லை. வகுப்பே புத்தகத்துக்குள் பாய்ந்தது. விரலை வைத்து வரியைக் காட்டிச் சண்டை போட்டார்கள். ரேவதி எழுந்து, "ஐயா, கோடையில வத்திடுச்சு, கதை ஆரம்பிக்கறது மழைக்கு அப்புறம். ரெண்டு பேரும் சரிதான் ஐயா, இவங்க மேல படிச்சதை வெச்சு சொல்றாங்க, நாங்க கீழ படிச்சதை வெச்சு சொல்றோம்" என்றாள். "அட, அப்படியா!" என்றேன். எனக்கே அப்போதுதான் கதை புரிந்தது.

மணி அடித்ததும் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் தெரிந்தது. அதில் ஒரு ஏக்கம் இருந்தது.

"ஐயா, நீங்க கேக்கறப்ப அப்படியே தெரியாத மாதிரியே கேக்குறீங்க. அதான் பிள்ளைங்க அப்படி ஓடி ஓடித் தேடுதுங்க. எனக்கு அந்த நடிப்பு வரல. இத்தனை வருஷமா பண்றேன், நான் கேட்டா, 'போங்க மிஸ், உங்களுக்குத் தெரியும், சும்மா கேக்குறீங்க'ன்னு சிரிக்குதுங்க. எப்படிப் பண்றீங்க?"

மேடம், இந்த இடத்தை எழுதவே எனக்குக் கை வரவில்லை. எனக்குத் தெரியாது, அதனால்தான் கேட்டேன் என்று நாலு வார்த்தை. அப்போது வகுப்பில் நம் இருவரைத் தவிர யாரும் இல்லை. நீங்கள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை நாளும் என்னைவிட நல்ல டீச்சராக இருந்த நீங்கள் என்னிடம் வந்து எப்படி என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்வி எனக்கு இனித்தது. வெட்கத்தில் பெரிய வெட்கம் இதுதான்.

"அது ஒரு பழக்கம் மேடம்" என்றேன். அதோடு நிறுத்தினேனா? பாடமே எடுத்தேன். "கேக்கறப்ப புத்தகத்தைப் பாக்காதீங்க. பிள்ளை முகத்தையும் நேருக்கு நேர் பாக்காதீங்க. தலையைக் கொஞ்சம் திருப்பி, ஓரமா பாருங்க. காதைக் குடுங்க" என்றேன். எனக்குக் கண்ணின் ஓரத்தில்தான் பார்வை மிச்சம் இருக்கிறது, அதனால் நான் அப்படிப் பார்க்கிறேன். என் வியாதியை உங்களுக்குப் பயிற்சியாகச் சொல்லிக் கொடுத்தேன். நீங்கள் அங்கேயே தலையைத் திருப்பிப் பார்த்து, "இப்படியா ஐயா?" என்று கேட்டீர்கள். "இன்னும் கொஞ்சம்" என்றேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. "அந்தம்மா கிட்டயாவது சொல்லிடுங்களேன். பாவம், நம்பிட்டு இருக்காங்க" என்றாள். பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு லீவு முடியட்டும் என்றேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீங்கள் அந்தத் தெரியாத குரலை வரவழைக்கப் பார்ப்பது எனக்குக் கேட்கும். பிள்ளைகள் சிரிப்பதும் கேட்கும். அதன் பிறகு ஏதேதோ வளவளவென்று உங்களுக்குச் சொல்வார்கள். அந்தச் சிரிப்பு மட்டும்தான் உங்கள் காதில் விழுந்தது போலிருக்கிறது. ஒரு சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "எனக்கு இது வரவே இல்லை ஐயா. சிலருக்குத்தான் வரும்போல" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் படி இறங்கினீர்கள். அடுத்த வாரம் நெஞ்சுவலி என்று போன் வந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிரான்சிலிருந்து உங்கள் தம்பி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானா அந்தத் தமிழ் ஐயா? போன் பண்ணா உங்க பேச்சுதான் அக்காவுக்கு. கண்ணாடி முன்னாடி நின்னு தலையைச் சாய்ச்சு சாய்ச்சுப் பாக்குமாம், நீங்க சொல்லிக் குடுத்தது வரலைன்னு. அதுவே சொல்லிச் சிரிக்கும்" என்றார். அவர் அதை ஆசையாகத்தான் சொன்னார். நான் நின்ற இடத்தில் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. உங்களுக்கு மண் போட்ட கையோடு நான் கிளம்பிப்போனதைத் துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு நடந்தது இதுதான். மற்றப் பள்ளிகளின் மொழி ஆசிரியர்களுக்காக நீங்கள் நடத்துவதாக இருந்த மாதிரி வகுப்பை என்னை நடத்தச் சொன்னார்கள். "மேடத்தோட வாரிசு நீங்கதானே ஐயா" என்றார் பிரின்சிபால். மறுக்கக் காரணம் சொல்ல வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதனால் ஒப்புக்கொண்டேன். சுவரோரம் நாற்காலி போட்டு நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தூக்கணாங்குருவிக் கூட்டைப் பற்றிய பாடம். பிள்ளைகள் பிரமாதமாகப் படித்தார்கள். நான் வழக்கம்போலக் குழு குழுவாகப் போய், தலையைத் திருப்பி, காதைக் கொடுத்துக் கேட்டேன். முடிந்ததும் ஒரே கைதட்டல்.

காலாப்பட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு சார் எழுந்தார். "ஐயா, நீங்க தலையை லேசா சாய்ச்சு, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறீங்களே, அதை நாங்களும் கத்துக்கணும். அதைக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.

அதே கேள்வி.

"தெரியாமத்தான் சார் கேக்குறேன்" என்றேன்.

எல்லோரும் ஆஹா என்றார்கள். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. அதைத் தத்துவம் என்று எடுத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள், மேடம்! நான் உண்மையைச் சொன்னால்கூடப் பாராட்டாகத்தான் திரும்பி வருகிறது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. ரேவதியின் புத்தகத்தை வாங்கி விரித்து, எல்லோர் எதிரிலும் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "இதுல ஒரு எழுத்து எனக்குத் தெரியாது. கண்ணு போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. நடிப்பு இல்ல. படிக்க முடியாம, பிள்ளைங்களை வெச்சுப் பொழைச்சேன்" என்றேன்.

பேனாக்கள் நின்றன. பிரின்சிபால் இருமினார். பிள்ளைகள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததே நல்லது என்று அப்போது தோன்றியது.

கடைசியில் நோணாங்குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு சின்ன வயசு டீச்சர்தான் வாயைத் திறந்தாள். "அப்ப இது எங்களுக்கு ஆவாதுங்களா ஐயா? எங்களுக்குத்தான் கண்ணு தெரியுதே" என்றாள். கேட்டுவிட்டு, தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அவளே பதறி உட்கார்ந்துவிட்டாள். தப்பே இல்லை. இன்றைக்குக் கேட்ட ஒரே நேர்மையான கேள்வி அதுதான்.

நான் யோசிக்கவே இல்லை. பதில் எனக்குள் இத்தனை நாளாக இருந்திருக்கிறது.

"ஆவும்மா. கண்ணு நல்லா தெரிஞ்ச ஒரு மேடம் இந்தப் பலகைக்கு அந்தாண்ட இதையேதான் பண்ணாங்க. இந்த முறையே அவங்களோடது. அவங்க கேட்டா பிள்ளைங்க, 'உங்களுக்குத் தெரியும் மிஸ்'னு சிரிக்கும். சிரிச்சிட்டு சும்மா இருக்காது. எல்லாம் தெரிஞ்சவங்க நம்ம வாயால கேக்க உக்காந்திருக்காங்களேன்னு ஒண்ணுக்கு ரெண்டா சொல்லும். இங்க பிள்ளைங்க எனக்கு ஒத்தாசை பண்ணுச்சுங்க. அங்கதான் படிச்சுதுங்க. தலையெல்லாம் சாய்க்க வேணாம். தெரிஞ்சா தெரிஞ்ச மாதிரியே உக்காந்து கேளுங்க. அது போதும்."

அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். வெளியே வந்ததும் பிரின்சிபால், "நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வாங்க ஐயா, பேசுவோம்" என்றார். குரலில் கோபம் இல்லை. என்ன பேசப்போகிறார் என்று தெரியவில்லை. ஆபீஸ் மூலையில் நாற்காலி என்றால் போய் உட்கார்ந்துகொள்கிறேன். இரண்டு வருஷமாகப் பயந்த அந்த நாற்காலியை நினைத்தால் இன்றைக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வேறொன்றுதான் அறுக்கிறது.

உங்கள் வகுப்பில் நடப்பது எனக்குத் தினமும் கேட்டது. நீங்கள் செய்வதே சரி, அதை விட்டுவிடாதீர்கள் என்று நான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் படியில் இறங்கிய அந்தச் சாயங்காலம் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லியிருந்தால் போதும். பெயர்கூடத் தெரியாத ஆசிரியர்களிடம் இன்று சொல்லிவிட்டேன். அவர்கள் கைதட்டினார்கள். நீங்களாக இருந்தால் கைதட்டியிருக்க மாட்டீர்கள். பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியா ஐயா?" என்று கேட்டிருப்பீர்கள். நிஜமாகவே தெரியாமல் கேட்டிருப்பீர்கள்.